மகளின் பாகம்: ஊர் வழக்கத்துக்கும் ஷரீஅத்துக்கும் இடையே ஒரு வரலாறு

திண்டுக்கல்லில் பேகம்பூரை அறியாதவர் இலர். 1755ஆம் ஆண்டில் மைசூர் அரசின் ஃபவ்ஜ்தாராக ஹைதர் அலி இக்கோட்டைக்கு வந்தார். அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த அமீருன்னிஸா பேகம் இவ்வூரிலேயே அடக்கமானார். அவர் பெயரால் வழங்கும் பகுதியே பேகம்பூர். 1790இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் மூலம் திண்டுக்கல் சீமை கும்பெனிக்கு உரியதாயிற்று. ஆட்சிகள் மாறின, பள்ளிவாசலும் பெயரும் நிலைத்தன.

ஒரு பெண்ணின் பெயரால் ஊர் இருக்கிறது. ஆனால் அவ்வூரிலும், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பழனி வரை விரிந்த இந்தச் சமவெளியிலும், நம் பெண்களின் பெயரால் எத்தனை பட்டாக்கள் இருக்கின்றன?

பல வீடுகளில் நடப்பதை நாம் அறிவோம். தந்தை மௌத்தாகிறார். தோட்டமும் கிணறும் கடையும் ஆண்மக்கள் பெயருக்குப் போகின்றன. சகோதரிகள் பதிவு அலுவலகத்துக்கு அழைத்து வரப்பட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். "நகை போட்டோம், சீர் செய்தோம், அதுதான் அவளுடைய பாகம்" என்று சொல்லப்படுகிறது. அவளும் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்று அஞ்சிப் பேசாமல் இருந்துவிடுகிறாள். இதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் 'ஊர் வழக்கம்'.

வழக்கத்துக்கும் மார்க்கச் சட்டத்துக்கும் இடையிலான இந்தப் போராட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. கடலுக்கு அப்பால் இந்தோனேசிய மக்களும் இதே கேள்வியோடு இருநூறு ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். அவர்களுடைய வரலாற்றை நம்முடைய வரலாற்றுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் நம் நிலை நமக்குத் தெளிவாகத் தெரியும்.

வழக்கத்துக்கு இஸ்லாம் தந்த இடம்

இஸ்லாம் மக்களின் வழக்கங்களை அழிக்க வந்த மார்க்கம் அன்று. வழக்கம் தீர்ப்பளிக்கத் தக்கது என்பது ஃபிக்ஹுக் கலையின் ஐந்து பெரும் விதிகளுள் ஒன்று. 'உர்ஃப்' எனப்படும் ஊர் நடைமுறையைப் பற்றி ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) தனி நூலே எழுதினார்கள். நாம் தமிழ் பேசுகிறோம். நம் பெண்கள் சேலை உடுத்துகிறார்கள். நம் விருந்துக்கு நம் மண்ணின் சுவை இருக்கிறது. இவற்றில் எதையும் மார்க்கம் மறுக்கவில்லை.

ஆனால் இவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு. தெளிவான இறைவசனம் இருக்கும் இடத்தில் வழக்கம் விலகி நிற்க வேண்டும். சொத்துப் பங்கீடு அத்தகைய இடம். தொழுகையின் ரக்அத்துகளைக்கூட நபிவழியிலிருந்தே நாம் அறிகிறோம். வாரிசுகளின் பாகங்களையோ பாதி, கால், அரைக்கால் என்று திருக்குர்ஆனே எண்ணிச் சொல்கிறது (4:11, 12). பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் போலவே பெண்களுக்கும் பங்குண்டு என்றும், சொத்து சிறிதானாலும் பெரிதானாலும் அது விதிக்கப்பட்ட பங்கு என்றும் 4:7ஆம் வசனம் அறிவிக்கிறது. இவற்றை அல்லாஹ்வின் வரம்புகள் என்று குறிப்பிட்டு, அவற்றை மீறுவோருக்கு நரக எச்சரிக்கையும் விடுக்கப்படுகிறது (4:13, 14).

இவ்வசனங்கள் இறங்கிய சூழலை நினைவுகூர்வோம். உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களுடைய சகோதரர் அன்றைய அரபு வழக்கப்படி சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஸஅதின் மனைவி தம் இரண்டு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். சொத்து இல்லாவிட்டால் இவர்களுக்குத் திருமணம் ஆகாதே என்பது அந்தத் தாயின் கவலை. பாகப்பிரிவினை வசனம் இறங்கியது. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியது சகோதரருக்கு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். சொத்தை 24 பாகமாக்கினால் மகள்களுக்கு 16, மனைவிக்கு 3, சகோதரருக்கு 5. முழுவதும் தமக்கே என்றிருந்தவருக்குக் கிடைத்தது 24இல் 5. வழக்கத்தை ஷரீஅத் திருத்திய விதம் இது.

சுமத்ராவில் தாய்வழிச் சொத்து

தமிழகக் கடற்கரைக்கும் சுமத்ராவுக்கும் உறவு மிகப் பழையது. சுமத்ராவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பின்னாளில் நம் மரைக்காயர்களின் கப்பல்கள் அச்சே துறைமுகத்துக்குச் சென்றுவந்தன. நம் கடற்கரை ஊர்களில் வேரூன்றிய ஷாஃபிஈ மத்ஹபே இந்தோனேசியாவிலும் வேரூன்றியது. அங்கே ஊர் வழக்கத்தை 'அதாத்' என்பார்கள். 'ஆதத்' என்னும் அரபுச் சொல்லின் திரிபே அது.

மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் மார்க்கப் பற்றில் பெயர் பெற்றவர்கள். ஆயினும் அவர்களுடைய குலச் சொத்து தாய்வழியில் செல்லும். வீடும் வயலும் பெண்களுக்கு உரியவை. நிர்வாகம் தாய்மாமன் கையில். ஒருவர் இறந்தால் அவர் பொறுப்பில் இருந்தது அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். இது நமக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் நம் பழைய சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த வட மலபாரில் மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் இருந்த மருமக்கத்தாயமும் இதே முறைதான். அதைச் சீர்படுத்த 1918இலும் 1939இலும் சென்னை மாகாணம் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது.

1803ஆம் ஆண்டளவில் ஹஜ்ஜிலிருந்து திரும்பிய மூன்று மினாங்கபாவ் அறிஞர்கள் சூதாட்டம், சேவற்சண்டை, கள் ஆகியவற்றுக்கு எதிராகச் சீர்திருத்தம் தொடங்கினர். 'பத்ரி இயக்கம்' என்று வரலாறு அதைக் குறிக்கிறது. நோக்கம் தூயதாயினும் சிலர் வாளைக் கையில் எடுத்தனர். ஊருக்குள் பகை மூண்டது. வழக்கத்தின் காவலர்களான குலத் தலைவர்கள் 1821இல் டச்சுக்காரர்களிடம் உதவி கேட்டனர். உதவிக்கு வந்தவர்கள் நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். உண்மையை உணர்ந்து இரு தரப்பும் ஒன்றுசேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. 1837இல் போஞ்சோல் கோட்டை வீழ்ந்தது. இமாம் போஞ்சோல் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டார். 1864இல் அந்நிய மண்ணிலேயே மறைந்தார்.

அந்தத் துயரத்திலிருந்து மினாங்கபாவ் மக்கள் ஒரு கோட்பாட்டை எடுத்துக்கொண்டார்கள்: வழக்கம் ஷரீஅத்தின் மீது நிற்கும், ஷரீஅத் இறைவேதத்தின் மீது நிற்கும். சொல்வது எளிது, நடத்துவது அரிது. மக்காவின் ஹரமில் ஷாஃபிஈ இமாமாக விளங்கிய அஹ்மத் கதீப் அவர்கள் மினாங்கபாவ் மண்ணின் மைந்தர். சொந்தப் பிள்ளைகளின் உரிமையைப் பறிக்கும் தாய்வழி முறையை அவர்கள் கடுமையாகக் கண்டித்து எழுதினார்கள். வேறு அறிஞர்கள், குலச் சொத்து எவருக்கும் தனியுடைமை ஆகாமையால் அது வக்ஃபைப் போன்றது என்றார்கள். இறுதியில் 1952இல் புக்கித்திங்கி நகரில் குலத் தலைவர்களும் உலமாக்களும் கற்றோரும் கூடி, முன்னோர் வழிக் குலச் சொத்து வழக்கப்படியும், ஒருவர் தாமே உழைத்துச் சேர்த்தது ஷரீஅத் படியும் செல்லும் என்று முடிவு செய்தார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அங்கே வழக்கம் பெண்கள் பக்கம் சாய்ந்து மகனையும் விலக்கியது. இங்கே வழக்கம் ஆண்கள் பக்கம் சாய்ந்து மகளை விலக்குகிறது. வழக்கம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவரவர் பாகத்தை அவரவருக்குக் கொடு என்பதே ஷரீஅத்தின் ஒரே குரல்.

1937: இரு நாடுகள், இரு தீர்ப்புகள்

அந்நிய ஆட்சியாளர்களுக்கும் இவ்விஷயத்தில் ஒரு கணக்கு இருந்தது. டச்சு அரசின் ஆலோசகரான ஸ்னூக் ஹுர்க்ரோன்யே மக்கா வரை சென்று இஸ்லாத்தைக் கற்றவர். முஸ்லிம்களின் தொழுகையிலும் நோன்பிலும் தலையிடாதீர்கள், ஆனால் அரசியல் இஸ்லாத்தைத் தலைதூக்க விடாதீர்கள் என்பது அவருடைய அறிவுரை. ஷரீஅத்தை விட அதாத்துக்கு முதன்மை தரும் கொள்கையும் அவரைப் பின்பற்றியே வளர்ந்தது. வழக்கம் ஏற்றுக்கொண்ட அளவுக்கு மட்டுமே ஷரீஅத் சட்டமாகும் என்ற விதியை டச்சு அரசு 1929இல் எழுதியது. 1937 ஏப்ரல் முதல் ஜாவா, மதுரா தீவுகளின் மார்க்க நீதிமன்றங்களிடமிருந்து சொத்துரிமை வழக்குகள் பறிக்கப்பட்டன. அவற்றை அதாத்தின்படி தீர்க்குமாறு அரசு நீதிமன்றங்களுக்கு அனுப்பினார்கள். 1912இல் தோன்றிய முஹம்மதியாவும் 1926இல் தோன்றிய நஹ்ழதுல் உலமாவும் கிளைப் பிரச்சினைகளில் கருத்து வேறுபாடு உடையவை. ஆயினும் 1937 செப்டம்பரில் சுரபாயா நகரில் முஸ்லிம் இயக்கங்களின் பொதுப் பேரவை உருவானபோது இரண்டின் தலைவர்களும் ஒன்றாக அமர்ந்தார்கள்.

இந்தியாவில் அதே ஆண்டில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. ஆங்கிலேய ஆட்சியிலும் வழக்கத்துக்குச் சட்டத்தின் வலிமை இருந்தது. 1873ஆம் ஆண்டின் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டமும் முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டத்தோடு வழக்கத்தையும் ஏற்றது. பஞ்சாபில் நிலைமை இன்னும் மோசம். அங்கே முஸ்லிம் நிலவுடைமையாளர் குடும்பங்களில் மகளுக்கு நிலமே கிடையாது. வழக்கம் அதுதான் என்று நீதிமன்றங்களும் தீர்ப்பளித்தன. இதை எதிர்த்து உலமாக்கள் பேசினார்கள். முஸ்லிம் பெண்களின் அமைப்புகளும் பேசின. வழக்கச் சட்டம் முஸ்லிம் பெண்களை இழிந்த நிலையில் வைத்திருக்கிறது என்பதே மத்திய சட்டசபையில் கொண்டுவரப்பட்ட மசோதாவின் நோக்க உரையில் எழுதப்பட்ட காரணம். 1937 அக்டோபர் 7ஆம் நாள் ஷரீஅத் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எந்த வழக்கம் மாறாக இருந்தாலும் முஸ்லிம்களின் திருமணம், மஹர், ஜீவனாம்சம், சொத்துரிமை ஆகியவற்றுக்கு ஷரீஅத்தே சட்டம் என்று அது அறிவித்தது.

இளைய தலைமுறை இதை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். ஷரீஅத் சட்டம் நம் நாட்டில் பிறந்ததற்கு முதற்காரணங்களுள் ஒன்று மகளின் பாகம்.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு துளை இருந்தது. விவசாய நிலம் விலக்கப்பட்டது. விவசாய நிலம் அன்று மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது ஒரு காரணம். பெருநிலக்காரர்களின் எதிர்ப்பு இன்னொரு காரணம். இந்தியாவின் சொத்தில் பெரும்பகுதி அன்று நிலமாகவே இருந்தது என்பதை நினைத்தால் அந்தத் துளையின் அளவு விளங்கும்.

சென்னை அடைத்த துளை

விடுதலையை ஒட்டி இரு நாடுகளிலும் ஷரீஅத் அரசியல் மேடைக்கு வந்தது. இந்தோனேசியாவில் 1945 ஜூன் 22ஆம் நாள் உருவான ஜகார்த்தா சாசனத்தில், முஸ்லிம்கள் ஷரீஅத்தைப் பேணும் கடமை பற்றி ஏழு சொற்கள் இடம்பெற்றன. நாட்டின் ஒற்றுமையைக் கருதி ஆகஸ்ட் 18ஆம் நாள் அவை நீக்கப்பட்டன. அந்த ஏழு சொற்களைப் பற்றிய விவாதம் அங்கே பல பத்தாண்டுகள் ஓயவில்லை.

நம் நாட்டில் 1948 நவம்பர் 23ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய விதி விவாதத்துக்கு வந்தது. சென்னையிலிருந்து சென்றிருந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் எழுந்து, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை என்று விதியில் சேர்க்க வேண்டுமென முன்மொழிந்தார்கள். திருத்தம் ஏற்கப்படவில்லை, ஆனால் அக்குரல் பதிவாகி நிலைத்தது. நம் திண்டுக்கல் மாவட்டம் சில காலம் அப்பெருமகனாரின் பெயரைத் தாங்கியிருந்ததும் நினைவுக்கு வருகிறது.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததை நம்மில் பலர் அறியார். 1949ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றம் ஷரீஅத் சட்டத்தைத் திருத்தி, விவசாய நிலத்துக்கு இருந்த விதிவிலக்கை நீக்கியது. அன்று முதல் நம் மாநிலத்தில் முஸ்லிம் மகளின் பாகம் வீட்டில் மட்டுமின்றி வயலிலும் தோட்டத்திலும் சட்டப்படி உறுதியாயிற்று. வடக்கே பல மாநிலங்களில் முஸ்லிம் பெண்களுக்கு நெடுங்காலம் கிட்டாத உரிமை இது. நம் இந்துச் சகோதரிகளுக்குக் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தமிழகத்தில் 1989இல்தான் வந்தது. அதற்கு 40 ஆண்டுகள் முன்பே நம் பெண்களுக்கு நிலத்தில் உரிமை எழுதப்பட்டுவிட்டது.

இந்தோனேசியர்கள் 1937இல் இழந்ததைத் திரும்பப் பெற 1989ஆம் ஆண்டின் மார்க்க நீதிமன்றச் சட்டம் வரை காத்திருந்தார்கள். 1991இல் அவர்கள் தொகுத்த இஸ்லாமியச் சட்டத் தொகுப்பின் 183ஆம் விதி நம் சிந்தனைக்குரியது. வாரிசுகள் தமக்குள் பேசி இணக்கமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொருவரும் தம் பாகம் எவ்வளவு என்பதை அறிந்த பிறகே அவ்வாறு செய்யலாம் என்பது அதன் கருத்து. நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இந்த ஒரு விதியில் இருக்கிறது.

அறிந்து விடுவதும் அறியாமல் இழப்பதும்

மதரஸாக்களில் 'ஸிராஜிய்யா' என்னும் நூலைக் கொண்டு ஃபராயிள் பாடம் நடத்துகிறோம். மாணவர்கள் கரும்பலகையில் 24 என்று எழுதி மனைவிக்கு 3, எஞ்சிய 21இல் மகனுக்கு 14, மகளுக்கு 7 என்று பிழையின்றிப் பிரிக்கிறார்கள். அந்தக் கணக்கை நம் ஊர்த் தோட்டத்துக்குக் கொண்டுவருவோம். ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டுச் செல்கிறார். கடன், வஸிய்யத் போக ஆறு ஏக்கர் நிலம் எஞ்சுகிறது. மனைவிக்கு 75 சென்ட். மகனுக்கு 3 ஏக்கர் 50 சென்ட். மகளுக்கு 1 ஏக்கர் 75 சென்ட். கிணற்றிலும் இதே விகிதத்தில் பாகம் உண்டு. இந்த 1 ஏக்கர் 75 சென்ட் என்ற எண்ணை அந்த மகளிடம் யாராவது சொன்னார்களா? சொல்லாமல் வாங்கிய கையெழுத்துக்கு மறுமையில் என்ன மதிப்பு?

"அவளே மனமுவந்து விட்டுக்கொடுத்தாள்" என்பார்கள். வாரிசு ஒருவர் ஏதேனும் பெற்றுக்கொண்டு தம் பாகத்திலிருந்து விலகுவதை ஃபிக்ஹு நூல்கள் 'தகாருஜ்' என்ற பெயரில் அனுமதிக்கின்றன. ஆனால் அதற்குத் தன் பாகம் இன்னதென்று அறிந்த மனமும் அச்சமற்ற நாவும் வேண்டும். சகோதரன் முகம் சுளிப்பான் என்ற அச்சத்தில் இடும் கையெழுத்தை மனநிறைவு என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

"கல்யாணத்தில் போட்ட நகையே பாகம்" என்பார்கள். தந்தை உயிரோடிருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமை அவர் மரணித்த பிறகே பிறக்கிறது. பிறக்காத உரிமையை முன்கூட்டியே தீர்த்துவிட முடியாது. அன்றியும் அந்த நகையிலும் ரொக்கத்திலும் எவ்வளவு அவளிடம் தங்கியது, எவ்வளவு கைக்கூலியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மகளுக்குச் சேர வேண்டியதை மருமகன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அதையே மகளின் பாகம் என்று எழுதுவது இரட்டை அநீதி.

நல்ல வழக்கங்களும் நம்மிடம் உண்டு. காயல்பட்டினத்தில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. மணமான பெண் தன் வீட்டிலேயே வாழ்கிறாள். கணவர் அங்கே வருகிறார். உயிரோடிருக்கும்போதே முறையாக ஒப்படைக்கப்படும் அன்பளிப்பாக அது அமையுமானால் மார்க்கம் அதைத் தடுக்கவில்லை. பிள்ளைகளுக்கிடையே நீதி பேண வேண்டும் என்பதே நிபந்தனை. தம் மகன்களுள் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புச் செய்த தந்தையிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அந்த அநீதிக்குச் சாட்சியாக நிற்க மறுத்தார்கள்.

நம் பொறுப்பு

இன்று தனியார் சட்டத்துக்கு ஆபத்து என்ற செய்தி வரும்போதெல்லாம் நாம் திரள்கிறோம். கையெழுத்து இயக்கம் நடத்துகிறோம். அது நம் உரிமை. ஆனால் ஷரீஅத்தைக் காப்போம் என்று தெருவில் முழங்கிவிட்டு, வீட்டுக்குள் அதே ஷரீஅத் கொடுத்த பாகத்தை மறைத்து வைத்தால் நம் முழக்கம் யார் செவியில் ஏறும்? காயிதே மில்லத் அவர்கள் சபையில் எழுந்து காக்க முயன்ற சட்டத்தை நாமே பத்திர அலுவலகத்தில் விட்டுக்கொடுக்கிறோம்.

பத்ரிப் போரின் பாடமும் நினைவில் இருக்கட்டும். வசையாலும் வலிமையாலும் வழக்கத்தை மாற்ற முயன்றால் ஊர் இரண்டுபடும். அமைதியாகச் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு மரணத்துக்குப் பிறகு, விதவையின் இத்தா முடிவதற்குள், அக்குடும்பத்தின் பாகப் பட்டியலை ஓர் ஆலிமைக் கொண்டு எழுதச் செய்யட்டும். மையித்தின் கடன், மனைவிக்குத் தர வேண்டிய மஹர், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத், பிறகு ஒவ்வொரு வாரிசின் பாகம் என்று எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும். அதன் நகல் மகளின் கையிலும் மனைவியின் கையிலும் தரப்பட வேண்டும். அதன் பிறகு அவர்கள் பெற்றுக்கொள்ளட்டும், அல்லது விரும்பினால் சகோதரனுக்கு விட்டுக்கொடுக்கட்டும். எதைச் செய்தாலும் அறிந்து செய்யட்டும்.

பேகம்பூர்ப் பள்ளியில் தொழுதுவிட்டு வெளியே வரும் ஒவ்வொரு சகோதரரும் தம் தங்கையின் பெயரை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். அவளுக்குரிய சென்ட் கணக்கு நம் கையில் அமானிதமாக இருக்கிறது. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.